பழசை எடுக்காத பட்டறை

பழசை எடுக்க மாட்டேன்னு எந்தக் கடைக்காரனாவது சொல்லுவானா சார்? நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிடறேன். சொல்ல மாட்டான். குளித்தலையில நான் முப்பது வருஷத்துக்கு மேல பாத்திரக்கடை வச்சிருக்கேன். அடி ஓட்டையான அண்டா வரும், காது போன வாளி வரும், புருஷன் பொண்டாட்டி சண்டையில நசுங்கின சொம்பு வரும். சிரிச்ச மொகமா வாங்கித் தராசுல போட்டுட்டு, புதுசு எடுத்துக் குடுத்து அனுப்புவேன். பழசு உள்ள வந்தாத்தான் சார் புதுசு வெளிய போகும். இந்தச் சின்ன விஷயம் தெரியாத ஒருத்தன் கடைல உக்காந்திருக்கான். அவனுக்கு என் பொண்ணைக் குடுக்கணுமாம்.

உக்காருங்க, ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து ஆகாது. கரூரா போறீங்க? நல்லதாப் போச்சு, அதுவரைக்கும் பேசிக்கிட்டே போலாம். இந்தாங்க, முறுக்கு எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க, டப்பா நெறைய இருக்கு.

அவன் நெசத்துல கடைக்காரன் இல்ல சார். இங்க கோயம்புத்தூர்ல மோட்டார் பம்பு கம்பெனில இன்ஜினியர். கடை வந்து பொய்க்கடை. மொதல்லேருந்து சொல்றேன், இல்லாட்டி உங்களுக்குப் புரியாது. எனக்கே பாதிதான் புரிஞ்சுது.

எனக்கு ஒரே பொண்ணு, மதிவதனி. இங்கதான் வேலை பாக்குறா, லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. வந்த வரனையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிச்சுக்கிட்டே வந்தா. ஒருத்தனுக்கு மூக்கு சரியில்ல, ஒருத்தனுக்கு ஊர் சரியில்ல. போன மாசம் தரகர் பொன்னுரங்கம் ஒரு ஜாதகம் கொண்டு வந்தாரு. பையன் பேரு திருமாறன். படிப்பு, வேலை, குடும்பம், ஜாதகம், ஒண்ணுலகூட ஒரு நொட்டை சொல்ல முடியல. பாப்பாகிட்ட போட்டோவ நீட்டினா, அவ சரியாக்கூடப் பாக்கல சார். உங்க இஷ்டம்ப்பான்னுட்டா. அதான் வளர்ப்பு. காதல் கீதல்னு வீட்டுக்குள்ள பேச்சு வந்தா அன்னிக்கே தலை முழுகிடுவேன்னு அவ பத்தாவது படிக்கறப்பவே சொல்லி வச்சிருக்கேன். அதனால அந்தப் பயம் நமக்கில்ல. தரகர் நாளைக்குக் காலைல பதிலுக்கு வந்து நிப்பாரு. சரின்னு சொல்லிட்டா மேல பேச வேண்டியதுதான். வேண்டாம்னா இதோட முடிஞ்சுது, அவங்க வீட்டுல வேற எடம் ரெடியா வச்சிருக்காங்களாம்.

ஆனா நான் போட்டோவப் பாத்து ஏமாறுற ஆளில்ல. மாப்பிள்ளையை ஞாயித்துக்கிழமைதான் சார் பாக்கணும். கெழமை நாள்ல எவனும் ஒழுங்காத்தான் இருப்பான், ஆபீஸ் இருக்கே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒருத்தன் என்ன பண்றான், யாரோட பண்றான், அதுல தெரிஞ்சு போயிடும். அதனால யார்கிட்டயும் மூச்சு விடாம காலைல பஸ் ஏறிட்டேன். வீட்டம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அவ வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது, அழுத்தக்காரி. என் போட்டோ அவங்க வீட்டுக்குப் போகல, அதனால பையனுக்கு என் மொகம் தெரிய வழியே இல்ல. பையன் இருக்கற மாடி வீட்டுக்குப் போய்க் கதவத் தட்டினேன். பக்கத்து வீடு வாடகைக்கு இருக்குன்னாங்களே, அதப் பாக்க வந்தேன், ஓனர் வர்ற வரைக்கும் இங்க உக்காரலாமான்னு கேட்டேன்.

பையன் நல்லாத்தான் இருந்தான். ஆனா லேசா திக்குவாய் போல. வாங்க மா, மான்னு இழுத்து, வாங்க சார்னு முடிச்சான். போட்டோல திக்குவாய் தெரியுமா? இதுக்குத்தான் நேர்ல போகணுங்கறது.

உள்ள போனா, சார், எனக்கு உசுரே இல்ல. மேசை நடுவுல பகடை. ஒண்ணு ரெண்டு இல்ல, கலர் கலரா குமிச்சு வச்சிருக்காங்க, ஒண்ணுக்கு நாலு மொகம், இன்னொண்ணுக்கு இருபது மொகம். ஆறு மொகத்துக்கே நாடு போச்சு, இருபது மொகம்னா என்னாகும்? சூதாடிப் பயலுக்கா என் பொண்ணைக் குடுக்கப் பாத்தேன்னு அப்படியே திரும்பியிருப்பேன். அதுக்குள்ள எட்வின்னு ஒரு குண்டுப் பையன், பணம் கட்டி ஆடற ஆட்டம் இல்ல அங்கிள், இது கதை விளையாட்டுன்னு சொல்லி உக்கார வச்சுட்டான்.

என்ன விளையாட்டுன்னா, ஒவ்வொருத்தரும் ஒரு ஆளு. எட்வின் மந்திரவாதி. இன்னொரு பொண்ணு ஷைலா, பாங்க்குல வேலை, விளையாட்டுல பிக்பாக்கெட். மேசை மேல மலை, ஆறு, ஊரெல்லாம் வரைஞ்ச படம். நான் இந்தக் கதவ ஒடைக்கிறேன்னு ஒருத்தர் சொன்னா, பகடைய உருட்டணும். பெருசா விழுந்தா கதவு ஒடையும், சின்னதா விழுந்தா தோள்பட்டை ஒடையும். கதைய நடத்துறது நம்ம திருமாறன். ராஜா, திருடன், சத்திரக்காரன், கடைக்காரன், மத்த எல்லா ஆளும் அவனே. வேஷம் கட்டாத கூத்துன்னு வச்சுக்குங்களேன். கெட்ட பழக்கம் ஒண்ணும் தெரியல. சிகரெட் நாத்தம்கூட இல்ல.

நீங்க என்னமோ கேக்க வந்தீங்க. இருங்க, இத முடிச்சுடறேன், விட்டா மறந்துடும்.

காபி வந்துச்சு. அவனே உள்ள போய் வாங்கிட்டு வந்தான். சமையல்கட்டுல யாரோ சமையக்காரம்மா இருந்தாங்க போல, கதவு சாத்தியே இருந்துச்சு, வெளிய வரல. காபில பாதிச் சக்கரை சார். நான் பாதிச் சக்கரைதான் போட்டுக்குவேன், யார் வீட்டுக்குப் போனாலும் இத வாய் விட்டுச் சொல்லணும். இங்க நான் ஒண்ணும் சொல்லல. மொகத்தப் பாத்தே சக்கரை கண்டுபிடிச்சுட்டான் பாருங்க. கெட்டிக்காரன். அப்ப அவன் மேல எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். முறுக்கும் வச்சான். இதே முறுக்குதான், சாப்பிடுங்க. எள்ளு கொஞ்சம் தூக்கலா, எங்க வீட்டம்மா சுடற மாதிரியே இருக்கு. எந்தக் கடைன்னு கேட்டேன். மூணு பேரும் மூணு பக்கம் பாத்தாங்க. கடை பேர் சொல்ல மனசு வராது இந்தக் காலத்துப் பசங்களுக்கு.

அங்க நாலாவது நாற்காலி ஒண்ணு காலியா கெடந்துச்சு. வழக்கமா ஆடற ஒரு பொண்ணு இன்னிக்கு வரலயாம். அந்தப் பொண்ணோட ஆளு பேரு தாமிரா, வாள் வீசறவ. அவ இல்லாம கதை நகராதாம். மலைக் கணவாய்ல ஒரு கல்பூதம் ஒக்காந்துக்கிட்டு வர்றவன் போறவனையெல்லாம் நசுக்குது. அதத் தாண்டியாகணும். தாமிரா கைல இருக்கறதோ மொட்டை வாள், மேல கெடக்கறதோ ஒரு பழைய செம்புக் கவசம். அதோட போனா மொத அடிலயே ஆளு காலி. ஆளு போச்சுன்னா போனதுதான், திரும்ப எழுப்ப முடியாதாம். ஒரு வருஷமா ஆடிக்கிட்டு வர்ற ஆளு சார். அதனால இன்னிக்கு வேலை என்னன்னா, தாமிராவுக்கு நல்ல தரமா ஒரு வாளும் கவசமும் வாங்கறது.

வாங்கற வேலைன்னா சும்மா உக்காந்து பாக்க நம்மால முடியுமா? ஷைலா பொண்ணு அதப் புரிஞ்சுக்கிட்டு, அங்கிள் இன்னிக்கு நீங்களே தாமிராவா இருங்களேன், கடைக்குப் போறது மட்டும்தானேன்னா. திருமாறன் வேண்டாம்னு கண்ண காட்டினான், நான் கவனிச்சேன். ஆனா நான் நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டேன்.

ஒக்காந்தவன் மொதல்ல என்ன கேட்டேன்? நான் யாரு, எந்தக் குடும்பம், அப்பா என்ன தொழில்? குடும்பம் தெரியாம எப்படிக் கடைக்குப் போறது? எட்வின் பையன் சொன்னான், தாமிராவோட அப்பா செம்பு வியாபாரி அங்கிள், ரொம்ப நல்லவரு, ஆனா யாரையும் பேசி முடிக்க விட மாட்டாருன்னான். அந்தப் பொண்ணு அப்படித்தான் கதை கட்டி வச்சிருக்காம். இவ வீட்ட விட்டுக் கிளம்பறப்ப ஒரு விஷயம் சொல்லணும்னு நெனச்சாளாம், அவர் அதக் கேக்கவே இல்லயாம், கடைசி வரைக்கும் கவசத்துக்கு வார் கட்டறதப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாராம்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு சார். பெத்தவரப் பத்தி நாலு பேர் விளையாடற எடத்துல இப்படியா சொல்லி வைப்பா ஒருத்தி? அந்த மனுஷன் என்ன பண்ணாரு, பொண்ணு பத்திரமாப் போகணும்னு வாரக் கட்டி விட்டாரு. அது பேச்சில்லையா? அவர் குறுக்க பேசறாருன்னா அவருக்கு வெவரம் தெரியுது, பேசறாரு. நானா இருந்தா அந்தப் பொண்ண... சரி விடுங்க. நீங்க வாயத் தொறந்தீங்க. ஒரு நிமிஷம், இந்தப் பல்லடத்துல வண்டி நிக்கறதுக்குள்ள சொல்லிடறேன்.

நாங்க இருக்கறது சின்ன ஊரு. நாப்பது குடிசை, ஒரு கெணறு, ஒரு பட்டறை. பட்டறைக்காரனா திருமாறன். இங்க சாதா இரும்புதான் கெடைக்குங்க, தரமான சரக்கு வேணும்னா கோட்டை மதில் இருக்கற பெரிய ஊருக்குத்தான் போகணும்னான். அதுக்கு ஒரு கணக்கு இருக்காம். எத்தனை பெரிய ஊரோ அத்தனை ஒசத்தி சரக்கு. சின்ன ஊர்ல கேட்டா இல்லன்னுதான் சொல்லணுமாம். பெரிய ஊருக்குப் போய் வர்றதுக்குள்ள கல்பூதம் இந்த ஊரையே தின்னுடும். மூணு பேரும் கன்னத்துல கை வச்சுக்கிட்டாங்க.

நான் சிரிச்சுட்டேன். தம்பி, குளித்தலையும் சின்ன ஊருதான். திருச்சிக்குப் போனாத்தான் நல்ல சரக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா நல்ல சரக்கு என்னிக்கும் வாசல்ல தொங்காது, உள் ரூம்ல இருக்கும். வந்தவனுக்கெல்லாம் காட்ட மாட்டோம், கேக்கத் தெரிஞ்சவனுக்குக் காட்டுவோம்னேன். அவன் சாதா பட்டறைங்க, உள் ரூமே இல்லைன்னான். சரி, உள் ரூம் இல்லாட்டிப் போகுது, கல்யாணம் நின்னு போன சரக்கு இருக்குமேன்னேன்.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எந்தப் பாத்திரக்கடைக்கு வேணா போய்ப் பாருங்க, பரண் மேல ஒரு செட்டு இருக்கும். சீர்வரிசைக்கு ஆர்டர் குடுத்து, பேரெல்லாம் வெட்டி ரெடியானப்புறம் கல்யாணம் நின்னு போயிருக்கும். எடுக்க வர மாட்டாங்க. அதுல இன்னொருத்தி பேரு இருக்கு, விக்கவும் முடியாது. அசல் முதல் தரச் சரக்கு, தூசி படிஞ்சு கெடக்கும். அந்த மாதிரி உன் பட்டறைல எந்தத் தளபதியாவது மகனுக்காக ஆர்டர் குடுத்துட்டு எடுக்காமப் போன வாள் இருக்கா, யோசிச்சுச் சொல்லுன்னேன்.

பையன் என்னையே பாத்தான். இந்தக் கேள்விய இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லைங்கன்னான். பகடைய என் கைல குடுத்து, உருட்டுங்க, பதினெட்டுக்கு மேல விழுந்தா இருக்குன்னு அர்த்தம்னான். உருட்டினேன். பத்தொம்பது. எட்வின் எழுந்து என் கையப் புடிச்சு ஆட்டறான். ஷைலா விசில் அடிக்குது. பாங்க்குல வேலை பாக்கற பொண்ணு. சமையல்கட்டுல கூட யாரோ கை தட்டின மாதிரி இருந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல சார், பொய் சொல்லல.

அப்புறம் நான் சும்மா விட்டேனா? கவசத்தத் தட்டிப் பாக்கணும், சத்தம் எப்படி வருதுன்னு சொல்லுன்னேன். டங்குனு வருதா, டொக்குனு வருதா? டொக்குன்னா உள்ள பொத்தல். பையன் வாயாலயே டங்குன்னு நீட்டிக் காட்டினான், நல்லா இருந்துச்சு. பத்து வச்சு ஒட்டின எடம் எங்க, வாளோட புடி உள்ள வரைக்கும் போகுதா, மழைல நனைஞ்சா துரு ஏறுமா. எல்லாத்துக்கும் நெதானமா பதில் சொன்னான். ஒரு எடத்துல, புடி கொஞ்சம் ஆடுது, ஆணி மாத்தித் தர்றேன்னு அவனே குத்தத்தச் சொன்னான் பாருங்க, அப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். இவன்தான் மாப்பிள்ளைன்னு. தரகருக்கு அங்கேயே போன் போட்டிருப்பேன்.

பேர் வெட்டணும்னு சொன்னேன். வாங்கின பொருள்ல பேர் இல்லாட்டி அது நம்ம பொருளா? எங்க கடைல வாங்கற சின்னக் கரண்டிக்குக்கூட பேர் வெட்டித்தான் குடுப்போம், பேருக்குப் பக்கத்துல ஒரு குட்டி மாங்காய் போடுவோம். அது நம்ம கடை அடையாளம், வேற எவன்கிட்டயும் இருக்காது. டப்பாவுக்கு அடில வெட்டணும், தட்டுக்கு வெளிம்புல வெட்டணும், அதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்கு. விளையாட்டுப் பேரு வேண்டாம் தம்பி, இந்தத் தாமிராவ ஆட்டற பொண்ணோட அசல் பேரையே வெட்டு, செல்லப் பேரு வெட்டினா பின்னாடி பங்காளிச் சண்டை வரும்னேன்.

அதுக்கு ஏன் சார் மூணு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்கணும்? திருமாறனுக்கு வேர்த்துக் கொட்டுது, மேல ஃபேன் ஓடுது. அவங்க பேரு வந்துங்கன்னு ஆரம்பிச்சான். நான் சொன்னேன், பேரு அப்புறம், மொதல்ல இனிஷியல் சொல்லு. தெ-ன்னான். அட, நம்ம இனிஷியல். நான் தெய்வசிகாமணி. என் பொண்ணுக்கும் அதேதான் தம்பி, அந்தக் கொம்பு வெட்டறது ரொம்பக் கஷ்டம், எங்க கடைல பேர் வெட்டற ஆளு மொத எழுத்துலயே ஊசிய ஒடிச்சுடுவான்னு அந்தக் கதையெல்லாம் சொன்னேன். அவன் சார், நான் ஒண்ணு சொல்லணும்னான். நான் விலைய மொதல்ல முடிச்சுக்குவோம்னேன்.

அங்கதான் சார் சனி புடிச்சுது. தாமிராகிட்ட இருக்கற காசு பத்தல. பத்தாட்டி என்ன? பழசப் போடு. அந்தச் செம்புக் கவசத்தக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு புதுச எடுத்துக்க வேண்டியதுதானே. மூணு பேரும் ஒண்ணாக் கத்தினாங்க, அது முடியாது அங்கிள், அத அவ கழட்டவே மாட்டா. ஏம்மா? அவ அப்பா குடுத்ததாம். மந்திரவாதி எத்தனையோ தடவை சொல்லிட்டானாம், இது அம்ப நிறுத்தாது, ஆளைக் கொன்னுடும், மாத்துன்னு. அவ மாட்டேங்கறாளாம். புதுச வாங்கிக் குடுத்தப்பகூட போட்டுக்கலயாம். அப்பா வார் கட்டி விட்டது, நான் கழட்டினா திரும்பக் கட்ட அவர் இல்லன்னு சொல்லுவாளாம்.

பைத்தியக்காரத்தனம். செம்பு எங்கயாவது அம்ப நிறுத்துமா? செம்பு தண்ணி வைக்கறதுக்கு. உசுரு பெருசா, செம்பு பெருசா? அந்த அப்பனே இங்க இருந்தா எடைக்குப் போடுன்னுதான் சொல்லுவான்னேன். இத சொல்லிக்கிட்டு இருக்கறப்பவே சமையல்கட்டுல ஒரு டம்ளர் விழுந்துச்சு. விழுந்த சத்தத்த வச்சே சொன்னேன், எவர்சில்வர், நல்ல கனமான தகடு, நம்ம கடை சரக்கு தரம். ஒருத்தரும் பாராட்டல.

நேரா பட்டறைக்காரனப் பாத்து, இந்தாப்பா, செம்பக் கழட்டி வச்சாச்சு, எடை போடுன்னேன். அவன் கையப் பின்னால கட்டிக்கிட்டான். அப்புறம் சொன்னான்:

"எடுக்க மாட்டேங்க. அது அவங்க அப்பா போட்டு விட்டது."

எவ்வளவு வேணா கூடப் போடறேன்னேன். எடுக்க மாட்டேங்கன்னான். சும்மாவே வச்சுக்கன்னேன். அதுக்கும் மாட்டேங்கறான். திக்கல சார் அப்ப, அழுத்தந்திருத்தமா வந்துச்சு. எனக்கு வந்துச்சே கோவம். வந்த வாடிக்கையாளன், பெரியவன், நான் எடுன்னு சொல்றேன், நீ மாட்டேன்னா என்ன வியாபாரி நீ? பெரியவங்க சொன்னா கேக்காதவன் நாளைக்கு என் பொண்ணு சொன்னாக் கேப்பானா? உன் கத்தியும் வேண்டாம், கவசமும் வேண்டாம்னு எழுந்துட்டேன். எட்வின், அங்கிள், அங்கிள்னு பின்னாடியே வந்தான். நான் நிக்கல.

திருமாறன் கீழ வரைக்கும் ஓடி வந்தான். சார், நான் ஒண்ணு சொல்லிடறேன்னான். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், வீடு எனக்குப் புடிக்கல, ஓனர்கிட்ட சொல்லிடுன்னேன். அப்புறம் திரும்ப மாடிக்கு ஓடிப் போய் இந்த டப்பாவ எடுத்துட்டு வந்து என் கைல வச்சான். வழில சாப்பிடுங்க, டப்பாவத் திருப்பித் தர வேண்டாம், உங்களோடதுதான்னான். முறுக்கக் குடுத்து மசிய வைக்கப் பாக்கறான் பாருங்க. ஆனா முறுக்கு என்ன பாவம் பண்ணுச்சு, வாங்கிக்கிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுலேருந்து பாப்பாவுக்கு போன் பண்ணேன், வந்தது வந்தோம், மொகத்த ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு. தோழி வீட்டுல இருக்கேன்ப்பான்னா. கொரல் ஒரு மாதிரி கம்மியிருந்துச்சு, சளி புடிச்சிருக்கும். சரிம்மா, கஷாயம் வச்சுக் குடின்னு வச்சுட்டேன்.

இப்ப நாளைக்குத் தரகருக்கு என்ன சொல்றது? வேண்டாம்னுதான். முடிவு பண்ணிட்டேன். பையன் நல்லவன், கெட்டிக்காரன், எல்லாம் சரி. ஆனா வளைஞ்சு குடுக்கத் தெரியல. பழச எடுக்காதவன் குடும்பத்த எப்படி ஓட்டுவான்? நீங்க சொல்லுங்க... காங்கேயம் தாண்டியாச்சா, அதுக்குள்ளயா. இந்தாங்க, அடில தூள்தான் இருக்கு, டப்பாவத் தூக்கிச் சாய்க்கிறேன், கைய நீட்டுங்க.

என்ன சார் கைய எடுத்துட்டீங்க? என்ன பாக்கறீங்க?

அடிலயா? அடில என்ன, பேரு வெட்டியிருக்கும். டப்பான்னா அடிலதான் வெட்டணும், நான்தான் சொன்னேனே. யார் பேரா இருந்தா நமக்கென்ன. எங்க, கண்ணாடிய எடுக்கறேன். வெளிச்சத்துக்குக் காட்டுங்க.

தெ.

கொம்பு கொஞ்சம் கோணல். ஊசி ஒடிஞ்ச எடம்.

தெ. மதிவதனி. மாங்காய்.

இது நான் குடுத்தது சார். ஹாஸ்டல்ல சேந்தப்ப, முறுக்கு போட்டுக் குடுத்தனுப்பினேன். ஆறு டப்பா, பக்கத்துல நின்னு பேர் வெட்ட வச்சேன். அவ அப்ப என்னமோ சொல்ல வந்தா. மூடி இறுக்கமா இருக்கும், தொறக்கறப்ப நகம் பத்திரம்னு நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அப்ப அந்த நாற்காலி.

அப்ப உள்ள இருந்தது அவதான். பாதிச் சக்கரை போட்டது அவதான். நான் அத எடைக்குப் போடு, எடைக்குப் போடுன்னு கத்தினத அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. அந்தப் பையன் எடுக்க மாட்டேன்னு சொன்னதையும் கேட்டிருக்கா. எங்க வீட்டம்மாவும் கூட்டு, நான் வர்றத முன்னாடியே சொல்லியிருக்கா. நல்ல அழுத்தக்காரி.

கோவம் வரணும்ல சார்? தலை முழுகிடுவேன்னு சொன்னவன் நான். வரல. ரொம்ப நல்லவரு, ஆனா யாரையும் பேசி முடிக்க விட மாட்டாரு. நல்லவருன்னுதான மொதல்ல சொல்லியிருக்கா. கழட்டவே மாட்டாளாம் சார் அத. அம்ப நிறுத்தாதுன்னு தெரிஞ்சும்.

கொஞ்சம் டப்பாவப் புடிங்க. போன் பண்றேன்.

பாப்பா. அப்பாதான். பஸ்ஸுலதான் இருக்கேன், காங்கேயம் தாண்டியாச்சு. இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முறுக்குக்கு எள்ளு சரியா இருந்துச்சு, டப்பா காலி, அடி தெரியுது. ம். அழுவாத. அழுவாதம்மா, பக்கத்துல ஒரு சார் இருக்காரு. அவன் பக்கத்துல இருக்கானா? சரி, அவன்கிட்ட ஒண்ணு சொல்லு. செம்பக் கழட்ட வேண்டாம். அதுக்கு மேலயே புதுச வச்சு அடிச்சுத் தர முடியுமான்னு கேளு. அடில செம்பு வச்ச எவர்சில்வர் பாத்திரம் விக்கறோமே, அந்த மாதிரி. உள்ள இது, மேல அது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு நல்லாப் புடிச்சுக்கும், முப்பது வருஷமா விக்கறேன், ஒண்ணுகூட விட்டு வந்ததில்ல. காசு பத்தாட்டி நான் வந்து பேசிக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை. அந்தக் கல்பூதத்த நான் பாக்காம நீங்க பாட்டுக்குப் போயிடாதீங்க, மொதல்ல அதோட முட்டில... 

என்ன? என்னம்மா?

சரி. சரி சரி, நான் குறுக்க பேசல. நீ சொல்லி முடி.